அழைப்பைக் கேட்டவரை அவசரமாக அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிஷனரிக் கூட்டம் முடியும் வேளையில் "யார் போவீர்கள்?" என்ற கேள்வி எழும். இளைஞர்கள் முன்னே வந்து முழங்காற்படியிடுவார்கள். "இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்" என்று ஏசாயாவோடு சேர்ந்து சொல்வார்கள். அர்ப்பணிப்பு அட்டையில் பெயரெழுதிக் கொடுப்பார்கள். அவர்களுடைய கண்ணீர் உண்மையானது. அதற்குப் பிறகு சபை செய்கிற அவசரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சில மாதங்களிலேயே வழியனுப்பு ஆராதனை நடத்தி, கை வைத்து ஜெபித்து, மொழி தெரியாத ஒரு பணித்தளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஓரிரு ஆண்டில் அவர் சோர்ந்து திரும்பினால், "அவருக்குத் தேவனுடைய அழைப்பே இல்லை" என்று அதே சபை சொல்லிவிடுகிறது. பல நேரங்களில் அழைப்பு இருந்தது. அதைச் சோதித்துப் பக்குவப்படுத்தும் வேலையைச் சபைதான் செய்யவில்லை.

சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவன் மூன்று முறை அவரிடம் ஓடினான். கூப்பிட்டது யார் என்பதைக் கண்டுகொள்ள மூத்தவர் ஒருவர் தேவைப்பட்டார். அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்திலும் பவுலும் பர்னபாவும் தாங்களாகப் புறப்படவில்லை. அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கை வைத்து அனுப்பியது. அந்தச் சபையில் இருவரும் முன்னமே ஒரு வருடம் முழுவதும் கூடியிருந்து போதித்திருந்தார்கள் (அப். 11:26). அனுப்பியவர்களுக்கு அவர்களை நன்றாகத் தெரிந்திருந்தது.

மருத்துவ ஊழியத்துக்கு வந்தவர்களில் ஐடா ஸ்கடரின் பெயரைத் தமிழ் வாசகர் எல்லோரும் அறிவர். பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களுக்கு ஆண் மருத்துவர் சிகிச்சை அளிக்கக் குடும்பத்தார் சம்மதிக்காததால், ஒரே இரவில் மூவரும் இறந்த செய்தியைக் கேட்டபோதுதான் அவர் தம் அழைப்பை உணர்ந்தார். அந்த இரவைப் பற்றிப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அதன் பிறகு அவர் அமெரிக்கா சென்று மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு சிகிச்சை தொடங்கியதைச் சொல்பவர்கள் குறைவு. அந்தப் படிப்பு இல்லாமல் அவர் உடனே திரும்பி வந்திருந்தால், அடுத்த பிரசவத்திலும் அவரால் வெறுமனே பக்கத்தில் நின்று பார்த்திருக்கத்தான் முடிந்திருக்கும். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி உருவானதும் அந்தப் படிப்பின் மேல்தான்.

அழைப்பை எப்படிச் சோதிப்பது? அட்டையில் பெயரெழுதிய நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் சொந்தச் சபையிலேயே ஒரு பொறுப்பைக் கொடுங்கள். அது மேடையில்லாத பொறுப்பாக இருக்கட்டும்: நோயாளிகளைச் சந்திப்பது, முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, கணக்கு எழுதுவது. ஒருவரும் பார்க்காத வேலையை அவர் முடித்துக் கொடுக்கிறாரா, "இது தவறு" என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறாரா, தமக்குப் பிடிக்காதவரோடு சேர்ந்து வேலை செய்கிறாரா என்று கவனியுங்கள். வேலை போனதாலோ, வீட்டில் சண்டையாலோ, திருமணம் முறிந்ததாலோ கிளம்புகிறாரா என்பதையும் அன்போடு கேட்டுவிடுங்கள். அந்தப் பாரம் பணித்தளத்துக்கும் கூடவே வரும். அங்கே தனிமையும் வெயிலும் காய்ச்சலும் சேர்ந்தால் இரண்டு மடங்காகும். கடன் இருந்தால் முதலில் அடைக்கட்டும். நற்சான்றுக் கடிதம் போதகரிடம் மட்டும் வாங்கினால் போதாது. அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவரிடம், "இவரோடு மறுபடியும் வேலை செய்வீர்களா?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் தெரிகிறது நாலு பக்க விண்ணப்பத்தில் தெரியாது.

தம்பதியராக இருந்தால் இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அவருடைய மனைவி டாரத்தி முதலில் மறுத்தார். தம் தங்கையும் கூட வருவதாக ஆன பிறகே சம்மதித்தார். மறுவருடம் அவர்களுடைய மகன் பீட்டர் இறந்தான். டாரத்தி மனநலம் குன்றி, 1807இல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். கேரியின் மொழிபெயர்ப்புப் பணியைக் கொண்டாடும் நாம், அந்தப் பெண் கொடுத்த விலையையும் ஒவ்வொரு வழியனுப்பு ஆராதனைக்கு முன்னும் நினைக்க வேண்டும். கணவருக்கு மட்டும் அழைப்பு, மனைவிக்குக் கீழ்ப்படிதல் என்ற கணக்கு இன்றும் நடக்கிறது. மனைவி தயங்கினால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். தள்ளிவைத்ததால் கெட்டுப்போன அழைப்பு ஒன்றையும் நாங்கள் அறியோம்.

அடுத்தது மொழி. அதிகம் கோட்டை விடுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார். உள்ளூர்த் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். 1708இலேயே தாம் சேர்த்துப் படித்த தமிழ் நூல்களைப் பற்றி ஒரு விவரப்பட்டியல் எழுதும் அளவுக்கு வந்துவிட்டார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. மக்கள் படிக்கும் நூல்களைத் தாமும் படித்த பிறகுதான் தம் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்தார். பர்மாவுக்கு 1813இல் போன அதோனிராம் ஜட்சன், முதல் ஞானஸ்நானத்தைக் கொடுத்தது 1819இல். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் மொழி கற்று மத்தேயு சுவிசேஷத்தைப் பர்மிய மொழியில் ஆக்கினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை "எத்தனை ஆத்துமாக்கள்?" என்று கேட்டு அறிக்கைப் படிவம் அனுப்பும் இன்றைய சபைகளிடம் ஜட்சன் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசிக்க வேண்டும்.

முதல் வருடம் மொழிக்கே என்று எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த வருடத்தில் பிரசங்கமும் வேண்டாம், கட்டட வேலையும் வேண்டாம், அலுவலகப் பொறுப்பும் வேண்டாம். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஆசிரியரோடு இரண்டு மணி, பதிவுசெய்த பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்பதில் ஒரு மணி, மீதி இரண்டு மணி வெளியே மனிதர்களோடு. அன்று படித்த ஒரே வாக்கியத்தை இருபது பேரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் சில வாரங்கள் பேசுவதைவிடக் கேட்பது அதிகமாக இருக்கட்டும். காது பழகாமல் வாய் பழகினால் உச்சரிப்பு தவறாகவே இறுகிப்போகும், பின்னால் மாற்றுவது கடினம். மரியாதை தெரிந்த மக்கள் வெளியூர்க்காரரின் பிழையைத் திருத்த மாட்டார்கள், சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அதனால் ஆசிரியராக இருப்பவரிடம், "ஒவ்வொரு பிழையையும் சொல்லுங்கள், அதற்குத்தான் சம்பளம்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

எந்த மொழி என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். சந்தையில் எல்லோரும் பேசும் பொதுமொழியைக் கற்றுக்கொண்டு அதோடு நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். வாங்க, விற்க அது போதும். ஆனால் மக்கள் அழுவதும் சண்டையிடுவதும் தாலாட்டுவதும் ஜெபிப்பதும் வீட்டு மொழியில். இரண்டு மிஷனரிகளை ஒரே வீட்டில் குடிவைப்பதும் மொழியைக் கெடுக்கும். மாலையானால் இருவரும் சொந்த மொழியில் பேசிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். முதல் இரண்டு மாதமாவது உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குவது நல்லது. மொழிபெயர்ப்பாளர் ஆறு மாதத்துக்கு மேல் கூடவே இருந்தால் அந்த மிஷனரி மொழி கற்கப்போவதில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

உடல்நலத்தில் காலக்கணக்கு முக்கியம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகள் 0, 1, 6 மாதங்கள் என்று வருவதால், புறப்பட ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும். மலேரியா உள்ள இடத்துக்குப் போகிறவர் எந்தத் தடுப்பு மாத்திரை என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யட்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். ஊர் வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. உடலுக்குள் தங்கியிருக்கும் கிருமி அப்போது தலைதூக்கும். விசா வகையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்தால் அவர் மட்டும் வெளியேற்றப்படுவதில்லை, அவரை வரவேற்ற உள்ளூர்ச் சபையும் விசாரணைக்கு உள்ளாகும்.

குறுகிய காலக் குழுக்கள் நடத்தும் மருத்துவ முகாம்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கூடாரம் போட்டு, மாலைக்குள் முந்நூறு பேரைப் பார்த்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடும் முகாமில், நாள்பட்ட நோயாளிக்கு நன்மையைவிடத் தீமை நேர வாய்ப்பு அதிகம். ரத்த அழுத்தம் என்பது ஒருமுறை பார்த்து மாத்திரை தரும் விஷயமில்லை. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, இரண்டு முறை அளந்து, வேறொரு நாளிலும் அளந்த பிறகே சொல்ல முடியும். அடெனலால் போன்ற மாத்திரையைப் பத்து நாளைக்குக் கொடுத்துவிட்டு, பதினோராம் நாள் திடீரென்று நின்றுபோனால் அழுத்தம் குப்பென்று ஏறலாம். இதயநோய் இருந்தால் நெஞ்சுவலியே வரலாம். ஒருவேளைதான் சாப்பிடுகிற முதியவருக்குக் கிளிபென்கிளமைடு என்னும் சர்க்கரை நோய் மாத்திரையைக் கொடுத்தால் இரவில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். அப்போது குழு வேறு ஊரில் இருக்கும்.

முகாம் நடத்துவதானால், மூன்று மாதம் முன்பே அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தோடு பேசுங்கள். அங்கே எப்போதும் கிடைக்கும் மருந்தையே எழுதுங்கள். அளவீடுகளோடு நோயாளிப் பட்டியலை அவர்களிடம் ஒப்படையுங்கள். தானமாக வரும் மருந்து, சேருமிடத்தை அடையும்போது குறைந்தது ஒரு வருடக் காலாவதி மீதியுள்ளதாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வீடுகளில் மிச்சமானதைச் சபை வாசலில் பெட்டி வைத்துச் சேகரிப்பது கூடாது. பாதி கிழிந்த அட்டையில் பெயரும் தேதியும் இருக்காது. கண்புரை அறுவை என்றால் மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று பார்க்க ஆள் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். இவ்வளவுக்கும் வசதி இல்லையென்றால், உள்ளூர்ப் பெண்கள் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு நேரத்தில் கொடுக்கும் கரைசலைச் சொல்லிக்கொடுத்து வாருங்கள்: ஒரு லிட்டர் சுத்தமான நீர், தேக்கரண்டியில் தட்டையாக ஆறு சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால், அங்கே புழங்கும் கரண்டியாலேயே அளந்து காட்டுங்கள்.

குடிநீர்ப் பணிக்கும் இதுவே பொருந்தும். இன்று உலகின் பல நாடுகளில் உள்ள இந்தியா மார்க் 2 கைப்பம்பின் வேர் மிஷன் பட்டறைகளில்தான் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கென்று செய்யப்பட்ட வார்ப்பிரும்புப் பம்பு ஊரே அடித்து இறைத்தால் உடைந்துபோகிறது என்பதை ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் இருந்த மிஷன் தொழில்நுட்பர்கள் கண்டு, எஃகால் கைப்பிடியைப் புதிதாக வடிவமைத்தார்கள். யூனிசெஃப் உதவியோடு 1970களில் உருவான மார்க் 2 அதை அடிப்படையாகக் கொண்டது. மேடையேறிப் பேசாத ஊழியம் அது. எத்தனை ஊர்களின் தாகத்தைத் தீர்த்திருக்கிறது!

ஆனால் அதே பம்பு, போட்டுவிட்டுப் போனவர்களின் அலட்சியத்தால் துருப்பிடித்து நிற்பதையும் காண்கிறோம். உள்ளே உருளையில் இருக்கும் வாஷர் தேயும். சங்கிலி காய்ந்து இறுகும். பேரிங் ஆடும். மேலே உள்ளதை ஊராரே சரிசெய்யலாம். வாஷர் மாற்ற வேண்டுமானால், மார்க் 2இல் குழாய் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். உருளை 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால் மூன்று மீட்டர் குழாய் பத்து. நாலு பேரும் பிடிகருவிகளும் இல்லாமல் நடக்காது. ஒரு குழாய் கை நழுவினால் கிணறே அடைபடும். இந்தச் சிரமத்துக்காகத்தான் குழாயை எடுக்காமல் பிஸ்டனை மட்டும் உருவும்படி மார்க் 3 வந்தது. துளை போடும் முன்பே இருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், தண்ணீர் எடுப்பவருக்குத்தான் பம்பின் சத்தம் மாறுவது முதலில் தெரியும். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், அதற்கு மாதம் எவ்வளவு சேர்ப்பது என்பதை ஊரார் கூடி முடிவு செய்யட்டும். தண்ணீரைப் பரிசோதிக்காமல் திறப்புவிழா வைக்காதீர்கள். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமும், ஆர்செனிக் 0.01 மில்லிகிராமும் தாண்டக்கூடாது. நல்லெண்ணத்தோடு போட்ட குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் இருந்ததை வங்கதேசம் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தது. அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் குடித்துவிட்டார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாதாந்தரத் தாங்குதலுக்கான, அதாவது மிஷனரியின் செலவுக்குக் கொடுக்கும் பண உதவிக்கான, வாக்குறுதி முழுமையாக வந்து சேரும்வரை ஒருவரையும் அனுப்பாதீர்கள். வாழ்க்கைச் செலவோடு மொழி ஆசிரியர் சம்பளம், மருத்துவக் காப்பீடு, பிள்ளைகள் படிப்பு, ஓய்வுக்கால வைப்பு, அவசரத்தில் ஊர் திரும்பும் செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும். வசதியுள்ள இரண்டு பேர் முழுவதையும் தாங்குவதைவிட நாற்பது குடும்பங்கள் சிறிது சிறிதாகத் தாங்குவது உறுதியானது. ஒருவர் வேலை இழந்தாலும் மிஷனரி வீட்டில் அடுப்பு எரியும். பணித்தளத்தில் எந்தத் தொகையும் ஒரே ஆளின் கையெழுத்தில் வெளியே போகக்கூடாது. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுலே, யாரும் குற்றஞ்சொல்லாதபடி சபைகள் தெரிந்தெடுத்தவரைக் கூட வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). உள்ளூர் ஊழியருக்கு வெளிப்பணத்தில், அந்தச் சபை ஒருநாளும் கொடுக்க முடியாத சம்பளம் நிர்ணயிப்பதும் நல்லதல்ல. சீனாவில் மிஷனரியாக இருந்த ஜான் நீவியஸ் 1890இல் கொரியாவுக்குப் போய்ச் சொன்ன ஆலோசனை அதுதான்: கட்டடமும் ஊழியர் செலவும் உள்ளூர் விசுவாசிகளின் சக்திக்குள் இருக்கட்டும். கொரியாவில் இருந்த பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் அதைக் கடைப்பிடித்தார்கள். பிற்பாடு அந்தச் சபைகளே உலகெங்கும் மிஷனரிகளை அனுப்பின.

குழந்தைகள் இல்லங்களுக்கு உதவப் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள், வறுமைதான் பிரித்திருக்கிறது. இல்லத்துக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கை அந்தத் தாய்க்குக் கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே வளரும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக்கூடாது என்ற விதிக்கு, எவ்வளவு ஜெபிக்கிறவராக இருந்தாலும் விலக்கில்லை. முகம் தெரியும் படத்தைப் பெயரோடு தாங்குதல் கடிதத்தில் அச்சிட வேண்டாம்.

போன இடத்தில் யாருக்குக் கீழே வேலை செய்கிறோம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வி. எஸ். அசரியா, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மேலை மிஷனரிகளைப் பார்த்து, பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்று வெள்ளையரிடம் சொன்னது இன்று நமக்கும் பொருந்துகிறது. தமிழ்ச் சபைகளிலிருந்து வேறு மொழி மக்களிடையே போகிற நம்மவர்களும் "அவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்ற தொனியில் பேசக் கேட்கிறோம். உள்ளூர் மூப்பர் தலைமை வகிக்கும் குழுவில் உறுப்பினராக இருக்கச் சம்மதமா என்று புறப்படும் முன்பே கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பொறுப்பை எந்த வருடத்துக்குள் யாரிடம் ஒப்படைப்பது என்பதும் அதே தாளில் வரட்டும். தேதி குறிக்காத ஒப்படைப்பு நடப்பதில்லை.

கடைசியாக, திரும்பி வருகிறவர்கள். பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பியபோது சபையைக் கூட்டி நடந்ததையெல்லாம் அறிவித்தார்கள், பிறகு சீஷரோடே அநேக நாள் தங்கியிருந்தார்கள். இன்று திரும்புகிறவரைக் கூட்டம் கூட்டமாகப் பேச அனுப்பிவிடுகிறோம். முதல் மாதம் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள். முழு மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள். மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவருக்கு ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கிருந்து வந்தார் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அவர் பார்த்த மரணங்களையும் குழுவுக்குள் நடந்த சண்டைகளையும் அவசரமில்லாமல் கேட்க இரண்டு பேரை நியமியுங்கள். தாங்குதல் குழுவில் இல்லாதவர்களாக இருந்தால் மனம் திறந்து பேசுவார். பாதியில் வந்தவருக்கும் இதே உபசரிப்பு நடக்கட்டும். பம்பிலியாவில் பாதியிலே விட்டுப்போன மாற்கைத்தான் பவுல் பின்னாளில், "ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று சொல்லி அழைத்து வரச் சொன்னார். அவரை இடையில் தம்மோடு சேர்த்துக்கொண்டு சைப்ரசுக்குக் கூட்டிப்போனவர் பர்னபா. ஒவ்வொரு சபையிலும் அந்த வேலைக்கு ஒருவரை, வழியனுப்பு ஆராதனைக்கு முன்பே பெயர் குறித்து வையுங்கள்.

இப்படிக்கு,
மிஷனரிப் பயிற்சியிலும் மருத்துவ ஊழியத்திலும் இருக்கும் சிலர்